வாழ்த்துக்கு அபராதம் 20 ரூபாய்

லால்குடிச் சித்தப்பாவுக்குச் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர் என்பதால் கருநீல அட்டை முழுக்க ஜிகினாத் தாளில் வெட்டிய நிலாக்களை ஒட்டி, நடுவில் அம்மாவின் பழைய பட்டுப்புடவை ஜரிகையில் ஒரு கலசம் செய்து, கலசத்தின் வாயில் காயவைத்த நிஜ மாவிலையைச் செருகி, மூன்று நாள் உட்கார்ந்து ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். தபாலில் போட்ட நான்காம் நாள் காலையில் சித்தப்பாவிடமிருந்து போன். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா சித்தப்பா" என்று சொல்வதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன்.

"ஏம்மா, ஸ்டாம்பு பத்தலையாம். போஸ்ட்மேன் எங்கிட்ட 20 ரூபா வாங்கிட்டுப் போறாரு."

நான் பதில் தேடுவதற்குள் அடுத்தது வந்தது. சித்தப்பா கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அப்புறம், ஆயிரம் பிறைன்னு உள்ளே எழுதியிருக்கே. ரெண்டு தடவை எண்ணிட்டேன். நூத்திப் பன்னெண்டுதான் வருது."

பிறைக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. நூற்றுப் பன்னிரண்டாவது நிலாவோடு பஞ்சிங் மெஷினின் ஸ்பிரிங் போய்விட்டது. ஸ்டாம்புக் கணக்கை மட்டும் பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நான் எடுத்தது 300 ஜிஎஸ்எம் அட்டை. ஒரு சதுர மீட்டர் அட்டை 300 கிராம் இருக்கும் என்பது அதற்கு அர்த்தம். ஏ4 அளவுக்கு வெட்டினால் 18.7 கிராம். தபாலில் 20 கிராம் வரைக்கும் 5 ரூபாய். ஆக, அட்டை வெறும் அட்டையாக இருக்கும்போதே எனக்கு மிச்சம் இருந்தது 1.3 கிராம். கலசம், மாவிலை, 112 நிலா, ஃபெவிகால், கவர், சித்தப்பா மேல் நான் வைத்திருக்கும் பாசம் எல்லாம் அந்த 1.3 கிராமுக்குள் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. 58 கிராம் என்று கவர் மேல் எழுதியிருந்ததாம். 15 ரூபாய்க்கு ஒட்ட வேண்டிய இடத்தில் 5 ரூபாய் ஒட்டியிருக்கிறேன். குறைகிற 10 ரூபாயை இரட்டிப்பாக்கி, வாங்குகிறவரிடம் வசூலிப்பது தபால் விதி. எண்பது வயதுவரை வாழ்ந்ததற்கு அபராதம் 20 ரூபாய்.

இந்தத் தப்பை நான் செய்திருக்கவே கூடாது. தபாலும் தந்தியும் ஒரே குடித்தனமாக இருந்து 1985-இல் பாகம் பிரித்துக்கொண்டவை. நான் 1988-இல் தந்திப் பக்கம் வாக்கப்பட்டவள். வாழ்த்து என்றால் எங்கள் கவுண்டரில் அது வெறும் எண். தீபாவளிக்கு ஒரு எண், கல்யாணத்துக்கு ஒரு எண், பிறந்த நாளுக்கு ஒரு எண் என்று வாசகங்களை ஏற்கெனவே எழுதி வைத்திருப்போம். வருகிறவர் விலாசத்தையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாகப் போய்ச் சேர்ந்துவிடும். நல்ல முகூர்த்த நாளில் காபி ஆறுவதற்குள் பத்துத் தம்பதிகளை வாழ்த்தியிருக்கிறேன். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. எண்ணை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று இரண்டு மூன்று இரவுகள் தூங்காமல் இருந்தது உண்டு. யாரும் புகார் சொன்னதில்லை. புதுமாப்பிள்ளைக்குத் தேர்தல் வெற்றி வாழ்த்து போயிருந்தாலும் அதில் பெரிய பிழையில்லை என்று விட்டிருப்பார்கள்.

2013 ஜூலையில் தந்தி நின்றது. 2020 ஜனவரி 31-ஆம் தேதி, பிஎஸ்என்எல் விருப்ப ஓய்வில் ஆயிரக்கணக்கானவர்களோடு நானும் வெளியே வந்தேன். மார்ச்சில் ஊரே அடைபட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: "அம்மா, கைக்கு ஏதாவது வேலை வெச்சுக்கோ. அப்பாவை விட்டுடு." கூடவே, அட்டை செய்வது எப்படி என்று ஒரு வீடியோவும் அனுப்பினாள். அதில் ஒரு பெண் வெள்ளைப் பூச்சைத் தடவி, அது காய்ந்ததும் வர்ணம் பூசி, பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒட்டி, அதன் மேல் துணி, நூல், பொத்தான், காய்ந்த பூ என்று அடுக்கிக்கொண்டே போனாள். மிக்ஸட் மீடியாவாம். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். ஃபெவிகால் காய எடுத்துக்கொள்ளும் நேரத்தை வீடியோவில் வெட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு விளக்கிச் சொன்னேன்: "எல்லாத்தையும் கலந்து ஒட்டுறது அத்தை."

"கதம்பம்னு சொல்லேன்" என்றார்.

கலப்பு ஊடகம் என்று எழுதுகிறவர்கள் என் அத்தையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனாலும் இந்தக் கலையின் மேல் அவருக்கு மரியாதை வரட்டும் என்று பிகாசோவை இழுத்தேன். 1912-இல் அவர் ஒரு படத்தில், பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த மேஜைத் துணியை வெட்டி ஒட்டி, சுற்றிலும் சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைக் கட்டினார், அது இன்றைக்குப் பாரிஸ் மியூசியத்தில் இருக்கிறது என்றேன். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார்.

"நாற்காலி பிஞ்சிருக்கும். ஆள் கிடைச்சிருக்க மாட்டான்."

அச்சடித்த வாழ்த்து அட்டை வந்த கதை தெரிந்தால் அத்தை இன்னும் சிரிப்பார். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு கிறிஸ்துமஸ் கடிதங்கள் வந்து குவிந்தன. பதில் போடாவிட்டால் மரியாதை இல்லை, போட நேரமும் இல்லை. மூன்று வருஷம் முன்னால் அங்கே பென்னித் தபால் வருவதற்கு உழைத்தவர்களில் அவரும் ஒருவர். தன் வினை தன்னைச் சுட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரை வரையச் சொல்லி, சுமார் ஆயிரம் அட்டை அச்சடித்து, பேரை மட்டும் எழுதி அனுப்பினார். மிச்சத்தை ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். அட்டையில் ஒரு குடும்பமே ஒயின் கோப்பையோடு இருந்தது, குழந்தை உட்பட. மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆகக்கூடி வாழ்த்து அட்டை என்பது எழுதச் சலித்த ஒருவர் கண்டுபிடித்த குறுக்கு வழி. அந்தக் குறுக்கு வழியில்தான் நான் நடுவே உட்கார்ந்து மூன்று நாள் முதுகை ஒடித்துக்கொள்கிறேன்.

அட்டையை மடிப்பதே தனி வித்தை. கனத்த அட்டையைச் சும்மா மடித்தால் மடிப்பில் வெடித்து நார் நாராகத் தெரியும். மை தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்து, அந்தப் பள்ளத்தில் மடிக்க வேண்டும். இதற்காக நான் ரீஃபில் சேர்க்க ஆரம்பித்ததிலிருந்து, எங்கள் வீட்டில் எழுதுகிற பேனா எது, எழுதாத பேனா எது என்று யாருக்கும் தெரியாது. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கையெழுத்துக்காக வாசலில் நிற்பார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பேனாவாக எடுத்து உதறிக்கொண்டிருப்பார்.

ஃபெவிகால் தடவினால் அட்டை ஈரம் குடித்து அப்பளம் மாதிரி வளையும். அதற்கு மேலே பாரம் ஏற்ற வேண்டும். அங்கேதான் என் முப்பது வருஷ சேவை பலன் கொடுத்தது. எங்கள் வீட்டுப் பரணில் பழைய டெலிபோன் டைரக்டரிகள் ஒரு கட்டு இருந்தன. ஒரு காலத்தில் அதில் பேர் வர ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போது அதற்குள் என் பூக்கள் காய்கின்றன. பூ விஷயத்தில் நான் கண்டது: செம்பருத்தியை நம்பாதீர்கள், கறுத்துப்போய் நாவல் பழத்தை நசுக்கியது போல் தாளில் ஒட்டிக்கொள்ளும். மல்லிகை பழுத்துப் பழைய ரசீது நிறத்துக்கு வரும். காம்பவுண்டு சுவரில் கேட்பாரற்றுக் கிடக்கும் காகிதப்பூ இருக்கிறதே, அதுதான் நிறம் மாறாமல் நிற்கும். பேரிலேயே காகிதம் இருப்பதால் காகிதத்தோடு ஒத்துப்போகிறது.

அரச இலை வேறு கதை. இலையைத் தண்ணீரில் மூன்று வாரம் ஊறப்போட்டால் பச்சையெல்லாம் அழுகி, நரம்பு மட்டும் கொசுவலை மாதிரி நிற்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால், குழாயடியில், குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோலத் தடவித் தடவி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மூன்று வாரமும் கையோடு வந்துவிடும். எடுத்த பிறகு அதன் அழகுக்கு ஈடு கிடையாது. நரம்புக்குள் நரம்பு, அதற்குள் இன்னொரு நரம்பு, வால் போல் நீண்ட நுனி வரைக்கும் அறுந்து போகாமல் இருக்கும். சொல்லாமல் விட்டது அந்த மூன்று வாரம். முதல் வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் இவர் சாக்கடை அடைப்பு எடுக்க ஆள் கூட்டிவந்தார். ஆள் எல்லா மூடியையும் திறந்து பார்த்துவிட்டு, கொல்லைப்புறத்தில் என் பிளாஸ்டிக் வாளியருகே வந்து நின்று, "அம்மா, சாக்கடை நல்லாத்தான் இருக்கு" என்றார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

மற்ற சாமான்களுக்கு எங்கள் ஊர்ச் சின்னக்கடை வீதி. ஆரி வேலைக்காரர்களுக்கு மணியும் சம்கியும் கண்ணாடிச் சில்லும் எடைபோட்டு விற்கிற கடைகள். போய்வந்த பிறகு கொஞ்ச நாள் வீட்டில் எதைத் தொட்டாலும் மின்னும். மோர்க்குழம்பில் ஒரு சம்கி மிதந்ததைப் பற்றி இங்கே விரிவாக எழுத விரும்பவில்லை. தையல்காரரிடம் வெட்டுத்துணி, காயலான் கடையில் கடிகாரப் பல்சக்கரம், வருகிற கல்யாணப் பத்திரிகை ஒவ்வொன்றிலிருந்தும் பிள்ளையார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தால் நான் முகூர்த்தம் எப்போது என்று பார்ப்பதில்லை, எம்பாஸ் எப்படி என்று தடவிப் பார்க்கிறேன். இதனால் ஒரு கல்யாணத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போனோம்.

பொங்கல் வாழ்த்தில்தான் நான் முதலில் அடிபட்டேன். எங்கள் சிறுவயதில் மார்கழி பிறந்தால் கடை வாசல்களில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிடுவார்கள். பெரியவர்களுக்குச் சாமி படம், அத்தை மாமா பிள்ளைகளுக்கு நடிகர் படம், யாரென்று முடிவுக்கு வரமுடியாதவர்களுக்கு இரண்டு மாடும் ஒரு சூரியனும். கவரை ஒட்டாமல் மடிப்பைச் செருகி அனுப்பினால் புக் போஸ்ட், தபால் செலவு குறைவு. வாழ்த்தைப் போஸ்ட்மேன் படித்துவிட்டுத்தான் தருவார், அதில் யாருக்கும் மனக்குறை கிடையாது. அந்த ஞாபகத்தில் முசிறிப் பெரியம்மாவுக்கு ஒரு பொங்கல் அட்டை செய்தேன். பானையின் விளிம்புக்கு நிஜப் பச்சரிசி, பொங்கி வழிகிற இடத்துக்குப் பாசிப்பருப்பு, கரும்புத் தோகையைக் கீறி இரண்டு பக்கமும் வைத்தேன். பெரியம்மா கண்ணீர் விட்டார். கண்ணீர் விட்டதோடு நிற்காமல், அதைப் பத்திரமாக பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். ஆடி மாசம் போன் வந்தது. பீரோவைத் திறந்தால் வண்டு. அரிசியில் ஆரம்பித்து, பருப்பை முடித்து, மைசூர் சில்க்கின் முந்தானைவரை ஊர்ந்து போயிருந்ததாம்.

இப்போது அரிசியையும் பருப்பையும் வறுத்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். முதல் தடவை வறுக்கும்போது அத்தை வாசனை பிடித்துக்கொண்டு வந்தார். "வறுத்ததுதான் வறுத்தே, அப்படியே வெல்லமும் போட்டுடு. அட்டைக்கு யாரும் ஏங்கல."

காதுகுத்துக்கு ஒரு அட்டை செய்தேன், மொட்டைத் தலைக் குழந்தையின் வடிவத்தில், தலைக்குச் சந்தனம் பூசி. கடைகளில் காதுகுத்துக்கு வாழ்த்து அட்டை நான் கண்டதில்லை. மஞ்சள் நீராட்டுக்கும் இல்லை. நாம் அதற்கெல்லாம் ஃபிளெக்ஸ் வைத்துவிடுகிறோம். விழா நாயகி ஒரு வயதுக்காரி. அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, முகர்ந்து, மொட்டையிலிருந்து தொடங்கிச் சப்ப ஆரம்பித்தாள். என் அட்டையை முழு மனதோடு ரசித்தவர் என்றால் அவள்தான். அம்மாக்காரி பிடுங்கியபோது அவள் அழுத அழுகையை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கூட வேலை பார்த்த ஒருவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு டைரக்டரித் தாள்களைக் கிழித்துப் பின்னணியாக ஒட்டி, அதன் மேல் பழைய டெலிபோன் கேபிளைப் பிரித்து வந்த பச்சை, ஆரஞ்சு, நீலக் கம்பிகளில் மணமக்களைச் செய்தேன். நான் செய்ததிலேயே உருப்படியான அட்டை அது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. மணமக்களை அல்ல, பின்னால் இருந்த டைரக்டரியை வாசித்துக்கொண்டிருந்தார். "இந்த வீட்டு லைன் மழை பெய்ஞ்சாப் போதும், செத்துப்போயிடும். எத்தனை கம்பம் ஏறியிருக்கேன்!" பக்கத்தில் மாலையோடு இருந்த அவர் மனைவி, "இன்னிக்கு மட்டும் இறங்கி வாங்க" என்றார்.

துக்கத்துக்கும் ஒரு தடவை செய்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா தவறிவிட்டார். வெள்ளை அட்டையில் அரச இலை நரம்பு ஒன்று மட்டும், வேறு எதுவும் இல்லை. அத்தை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு அட்டை கொண்டு போகாதே. நேர்ல போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு, சொல்லிக்காம எழுந்து வந்துடு" என்றார். போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்த அட்டை இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

மணப்பாறைக் கல்யாணத்தில் பட்டதை மட்டும் மறக்க முடியாது. இவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகள் கல்யாணம். அட்டையைத் திறந்தால் மண்டபம் எழுந்து நிற்கும். இரண்டு பக்கமும் கிரேப் காகிதத்தில் வாழை மரம், உச்சியில் நூலில் தொங்கும் சின்ன மாவிலைத் தோரணம். ஐந்து நாள் வேலை. மொய் எழுதுகிற மேஜைக்கு வந்தோம். நான் பெருமையாக அட்டையை நீட்டினேன். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு இருந்தவர் வாங்கினார், திறந்தார், மண்டபம் எழுந்தது. அதன் பின்னால் விரலை விட்டுத் துழாவினார். மூடினார். காதருகே வைத்துக் குலுக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவுன்னு எழுதட்டும்?"

"அது வாழ்த்துங்க. கையால செஞ்சது."

அவருக்கும் மனசு கேட்கவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. ஊர், பேர், விலாசம் எழுதி, தொகை என்ற இடத்தில் "அட்டை - 1" என்று எழுதினார். அதற்குள் இவர் பின்னாலிருந்து கையை நீட்டினார். சட்டைப் பையில் ஏற்கெனவே தயாராக ஒரு மொய்க் கவர் வைத்திருந்திருக்கிறார், என்னிடம் சொல்லாமல்.

அந்தக் கவரை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். பளபளக்கும் தாள், அதன் மேல் தங்க நிறத்தில் எம்பாஸ் செய்த பிள்ளையார், ஓரத்தில் பட்டு நூல் குஞ்சம், நடு நெற்றியில் ஒட்டிய நிஜ ஒரு ரூபாய்க் காசு. காகிதம், நூல், உலோகம், ஜிகினா. பெட்டிக்கடையில் கிளிப்பில் தொங்குகிறது, மிக்ஸட் மீடியா என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. குலுக்கிப் பார்க்கும் அவசியமும் அதற்கு இல்லை.

மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். நோட்டில் ஏறியது ஏறியதுதான். என் மகள் கல்யாணத்துக்கு மணப்பாறைக்காரர்கள் ஆயிரத்தொரு ரூபாயோடு ஒரு அட்டையும் செய்து கொண்டுவர வேண்டும். வாழை மரம் கிரேப் காகிதத்தில் இருக்கிறதா என்று நான் பார்த்துத்தான் வாங்குவேன்.

போன மாதம் துறையூரில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டு வருஷம் முன்னால் அவள் புதுமனை புகுந்தபோது வீட்டு வடிவத்திலேயே ஒரு அட்டை செய்து கொடுத்திருந்தேன். தீக்குச்சியில் ஜன்னல் கம்பி, சாக்குத் துணியில் கூரை, திறந்து மூடுகிற கதவு, மேலே மாட்டிவைக்க சணல் கயிறு. கதவைத் திறந்தால் உள்ளே நாலு பக்கம் வெறும் தாள். வருகிற விருந்தாளிகள் நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். ஹாலில் தேடினேன், இல்லை. பூஜை அறையிலும் ஷோகேஸிலும் இல்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. செருப்பு மாட்டிக்கொள்ள வாசலுக்கு வந்தபோதுதான் கண்ணில் பட்டது. மின்சார மீட்டருக்குப் பக்கத்தில், ஆணியில், சணல் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். நாலு பக்கமும் நீல மையில் நிரம்பியிருந்தது. தேதி, ரீடிங், யூனிட், ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒரு வரி, கீழே ரீடிங் எடுக்க வந்தவரின் சுருக்கொப்பம்.

"ஈபி அட்டை மழையில ஊறிப்போச்சு அண்ணி" என்றாள் நாத்தனார். "அன்னிக்கு ரீடிங் எடுக்க வந்தவர் எதுலயாவது எழுதணும்னாரு. இதுதான் கெட்டியா இருந்துச்சு. கெட்டின்னா கெட்டி, ரெண்டு மழை பார்த்தாச்சு, ஓரம்கூடப் பிரியல."

இவர் எட்டிப் பார்த்து, "மே மாசம் அறுநூத்திச் சொச்சம் யூனிட் ஓடியிருக்கே, ஏசியைப் போட்டுட்டுத் தூங்கிடுறீங்களா?" என்று தங்கையை விசாரிக்க ஆரம்பித்தார்.

"அதை விடுண்ணா. அண்ணி, பக்கம் தீந்துபோச்சு. இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு தர்றீங்களா? உள்ளே கட்டம் மட்டும் போட்டுடுங்க, அவரு கோணல்மாணலா எழுதுறாரு."

நான்கு கட்டமா ஐந்தா என்று கேட்டுக்கொண்டேன். கையெழுத்துக்குத் தனியாக வேண்டுமாம், ஐந்து.